அண்ட்ரியாஸ் வெசாலியஸ்

அண்ட்ரியாஸ் வெசாலியஸ் (டிசம்பர் 31, 1514 – அக்டோபர் 15, 1564) தற்போதைய பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்சில் பிறந்த மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். இவர் தற்கால உடற்கூற்றியலின் தந்தை என அழைக்கப்படுகின்றார். மனித உடலின் கட்டமைப்பைப் பற்றி 1543 இல் இவர் வெளியிட்ட, சுருக்கமாக ஃபாப்ரிக்கா எனப்படும் இலத்தீன் நூல் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. மாணவர்களுக்கு மனித உடலை, குறிப்பாக மூளையை, கற்பிக்கும் முறையில் இவர் கொண்டுவந்த மாற்றம் நூலின் புகழால் சற்றே மறைந்துபோனது எனலாம்.

இளமையும் கல்வியும்

இவரது தந்தை பேரரசர் ஐந்தாம் சார்லசிடம் மருந்தாளராகப் பணியாற்றியவர். வெசாலியஸ் லூவன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, மூளையில் மூன்று அறைகள் உள்ளன என்றும் அவற்றில் முறையே புலனுணர்வு, சிந்தனை, நினைவாற்றல் ஆகியவை குடிகொண்டுள்ளன என்றும் கற்பிக்கப்பட்டது. மெய்யியல் கையேடு ஒன்றில் இருந்த தலையின் படமே இதற்கு ஆதாரம். மாணவர் ஒவ்வொருவரும் அப்படத்தைப் பார்த்து வரைந்து தம் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டனர். மூளையை எவரும் காணவில்லை.

1533 இல் மருத்துவம் பயில பாரிசு சென்றார். அங்கும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. அக்கால வழக்கப்படி பேராசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலெனின் கருத்துக்களை வாசிப்பார். கீழே நாவிதர் உடலை அறுப்பார். மாணவர்கள் தொலைவில் நின்று பார்ப்பர். இதனால் பொறுமையிழந்த வெசாலியஸ், மாணவராக இருக்கும்போதே கத்தியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

பாதுவாவில் கற்பித்தல்

1537 டிசம்பரில் இத்தாலியின் பாதுவாவில் முனைவர் பட்டம் பெற்றவுடனேயே அங்கு அறுவை மருத்துவமும் உடற்கூற்றியலும் கற்பிக்க நியமிக்கப்பட்டார். அப்போது இவருக்கு வயது 22. வாசிப்பவர், அறுப்பவர், சுட்டிக்காட்டுபவர் என்ற மூன்று பணிகளையும் இவர் ஒருவரே செய்தார். விளக்கும்போது படம் வரைந்து காட்டினார். மாணவர்கள் அவற்றை விரும்பிக் கேட்டதனால் 1538 இல் ஆறு பெரிய படத்தாள்களை அச்சிட்டார். மூன்று படங்களை இவரும், மூன்று எலும்புக்கூட்டுப் படங்களை ஓவியர் யான் ஸ்டீபன் வான் கால்கரும் வரைந்தனர்.

1540 இல் பொலோனாவில் இவர் நடத்திய செய்முறை விளக்கங்களைப் பற்றி ஹெசலர் என்ற மாணவர் எழுதிய குறிப்புகள் கிடைத்துள்ளன. விரிவுரை ஆற்றிய மூத்த பேராசிரியர் கோர்ட்டி காலெனின் நூலை முன்வைத்தார். வெசாலியஸ் உடலைத் தொட்டுக் காட்டி மறுத்தார். இவ்வாறு இருவரும் மாணவர் முன்னிலையிலேயே வாதிட்டது அதில் பதிவாகியுள்ளது.

அதிசய வலை

மூளையின் அடிப்பகுதியில் நுண்ணிய குருதிக்குழாய்களால் ஆன ஒரு வலை உள்ளது என்றும், உயிராவி அங்குதான் மூளைக்கு உரிய ஆவியாக மாறுகின்றது என்றும் காலென் எழுதியிருந்தார். இவ்வலை ஆடு, மாடு போன்ற விலங்குகளில் உண்டு, மனிதரில் இல்லை. பெரெங்காரியோ டா கார்ப்பி என்ற இத்தாலிய அறிஞர் தம்மால் அதைக் காண முடியவில்லை என வெசாலியசுக்கு முன்பே எழுதியிருந்தார். ஆயினும் 1538 படத்தாளில் வெசாலியஸ் அதனை வரைந்தார். மனிதத் தலையை அறுத்துக் காட்டும் நாட்களில் ஓர் ஆட்டுக்குட்டியின் தலையையோ மாட்டின் தலையையோ அருகில் வைத்துக்கொண்டு, மனிதரில் காண இயலாததை மாணவர்களுக்கு அதில் காட்டினார்.

ஃபாப்ரிக்காவில் இச்செயலை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். காலென் மீது கொண்டிருந்த மதிப்பே தம் கண்ணை மறைத்தது என்பது அவரது விளக்கம். புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவர் தாம் கற்பித்ததே தவறு என அச்சில் எழுதுவது அக்காலத்தில் அரிது. பாரிசில் இவருக்குக் கற்பித்த யாக்கோபஸ் சில்வியஸ் காலென் தவறியதாகக் கூறுவதைப் பொறுக்கவில்லை. 1551 இல் வெளியிட்ட நூலில் இவரைப் பித்தர் எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார்.

மூளையை அறுக்கும் முறை

ஃபாப்ரிக்காவின் ஏழாம் பாகம் மூளையைப் பற்றியது. அழுகாமல் காக்கும் வழி இல்லாத அக்காலத்தில் வயிறு, மார்பு, அதன் பின்னரே தலை என்ற வரிசையில் உடல் அறுக்கப்பட்டது. முறை வருவதற்குள் மென்மையான மூளை கெட்டுவிடும். எனவே தலை வெட்டித் தண்டிக்கப்பட்டவர்களின் தலையை உடனே பெற்றுத் தனியாக ஆராய்வதே சிறந்தது என வெசாலியஸ் அறிவுறுத்தினார். மண்டையோட்டை வட்டமாக அறுத்து நீக்கி, மேலிருந்து கீழாகப் படிப்படியாக வெட்டிச் செல்வது அவரது முறை. படங்களும் அதே வரிசையில் உள்ளன. நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர் தாமே இதனைச் செய்துபார்க்க இயலும். சாம்பல்நிறப் பகுதிக்கும் வெண்ணிறப் பகுதிக்கும் உள்ள வேறுபாடும் இப்படங்களில் காட்டப்பட்டுள்ளது. எனினும் மூளையின் மடிப்புகள் துல்லியமாக வரையப்படவில்லை. அவற்றைப் பயிற்சியற்ற ஓவியர் தீட்டும் மேகங்களுக்கு அவர் ஒப்பிட்டார்.

லூவனில் கற்ற மூன்று அறைக் கொள்கையையும் இப்பாகத்தில் மறுத்தார். ஆடு, நாய், குரங்கு முதலியவற்றின் மூளையறைகளும் மனிதருடையவற்றை ஒத்தே உள்ளன. அவ்வாறாயின் மனிதரின் சிந்தனைத் திறன் அவ்வறைகளில் இருப்பதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்பது அவரது வாதம்.

பெருநூல் ஏறத்தாழ 700 பக்கங்கள் கொண்டது. ஆகவே மாணவர்களுக்காகச் சில தாள்களே கொண்ட சுருக்கப் பதிப்பு ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டார். அதில் தனித்தனியாக அச்சிடப்பட்ட உறுப்புகளை வெட்டியெடுத்து, மனித உருவின் மேல் அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். இன்று இதன் முழுப்படிகள் அரிதாகவே கிடைக்கின்றன. மாணவர்கள் உண்மையாகவே வெட்டி ஒட்டியது இதற்கு ஒரு காரணமாகலாம்.

பிற்காலம்

நூல் வெளியானபின் ஐந்தாம் சார்லசின் அரசவை மருத்துவராகச் சேர்ந்ததனால் கற்பிக்கும் பணி முடிவுற்றது. 1555 இல் ஃபாப்ரிக்காவின் திருத்திய பதிப்பு வெளிவந்தது. 1559 இல் குதிரைப் போட்டியில் தலையில் காயமுற்ற பிரான்சின் இரண்டாம் என்றி மன்னருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்டார். மன்னர் இறந்தபின் தலை ஆராயப்பட்டது. மண்டையோடு உடையாதிருந்தும் மூளை சேதமுற்றிருந்தது.

1564 இல் எருசலேம் யாத்திரை சென்று திரும்பும் வழியில் கிரேக்கத்தின் சாகிந்தோஸ் தீவில் காலமானார். உயிருள்ள ஒருவரை அறுத்ததற்குத் தண்டனையாகவே இப்பயணம் விதிக்கப்பட்டது என்ற கதை பரவலாக வழங்கினும் அதற்குச் சான்று இல்லை.

ஃபாப்ரிக்காவின் மூல மர அச்சுக்கட்டைகள் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தன. 1934 இல் அவற்றிலிருந்து மீண்டும் படங்கள் அச்சிடப்பட்டன. பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது மியூனிக் நகரின் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அவை அழிந்தன.