விழுந்தவர்களைத் தேடி வந்தவர்

துன்பம் வரும்போது இறைவன் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணுகிறோம். பாவத்தில் வீழ்ந்தபோதோ, இனி எந்த முகத்தோடு அவர்முன் நிற்பது என்று நாமே விலகிப்போகிறோம். துன்பத்தைவிட இந்த விலகலே ஆபத்தானது. இவ்வுண்மையை நம் முன்னோருக்கு வாழ்ந்து காட்டியவர், ஜனவரி 16ஆம் நாள் திருஅவை நினைவுகூரும் புனித யோசேவாஸ் அடிகளார்.

அவர் 1651இல் கோவாவின் பெனவ்லிம் என்னும் ஊரில் பிறந்தார், 1676இல் குருவானார். அடுத்த ஆண்டே தம்மை அன்னை மரியாளின் அடிமையாக எழுதி ஒப்புக்கொடுத்தார். இலங்கையில் குருக்களின்றித் தவித்த கத்தோலிக்கரின் நிலை அவர் உள்ளத்தை வாட்டியது.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதும் குற்றமாயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அச்சத்தினாலும் உத்தியோகத்துக்காகவும் பலர் ஒல்லாந்தரின் ஆலயத்துக்குச் சென்றனர். செபமாலை வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

அம்மக்களைத் தேடி 1687இல் கூலியாள் வேடத்தில் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. எழுந்து நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதைக் கண்டு கலங்கும் விழிகளே அவர் தேடிய அடையாளம். பின்னர் இரவுகளில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றி, தவறிப்போனவர்களை இறைவனோடு ஒப்புரவாக்கினார்.

1689ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா இரவில், கூடியிருந்த மக்களை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துச் சிறைபிடித்தனர். அடிகளார் அகப்படவில்லை. முன்பு அஞ்சி ஒளிந்த சமூகமே இப்போது தண்டனையைத் தாங்கி நின்றது. விழாதவர்கள் மட்டுமே உறுதியானவர்கள் அல்லர், மனந்திரும்பியவர்களும் உறுதியடைவர்.

பின்னர் புத்தளத்திலிருந்து கண்டிக்குச் சென்றவர், 1692இல் போர்த்துக்கேயரின் உளவாளி என்ற பழியோடு சிறையிலிடப்பட்டார். சிறையிலும் செபத்தைக் கைவிடவில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றிப் பராமரித்தார். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். அவர் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பார்ந்தவர்களே, வங்காலை மண்ணுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 1985 ஜனவரி 6ஆம் நாள் இவ்வூர்ப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் இங்கேயே கொல்லப்பட்டார். போரும் இடப்பெயர்வும் நம்மைப் புடமிட்டன. தந்தை மகனைத் திருத்துவதுபோல இறைவன் நம்மைப் பயிற்றுவிக்கிறார் என்று எபிரேயர் திருமுகத்தின் 12ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மனிதர் இழைத்த கொடுமையை இறைவன்மேல் சுமத்துவது இதன் பொருளன்று. அக்கொடுமையின் நடுவிலும் அவர் நம்மை வளர்க்கிறார் என்பதே பொருள்.

கிழிந்த வலையைக் கடலில் எறிந்துவிடும் மீனவர் நம்மிடையே இல்லை. கரையில் அமர்ந்து பொத்துகிறோம். மீண்டும் கடலுக்குக் கொண்டுபோகிறோம். இறைவனும் நம்மை அவ்வாறே நடத்துகிறார். நெடுநாளாய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடாதவர் நம்முள் எவரேனும் உண்டோ? இந்த வாரமே திரும்பி வருவோம். நாம் திரும்புமுன்பே அவர் நம்மைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.