கே.எஸ். கிருஷ்ணன்: ராமன் விளைவில் உழைத்த இன்னொரு தமிழர் யார்?

ராமன் விளைவு என்றதும் உங்களுக்கு சர் சி.வி. ராமன் நினைவுக்கு வருவார். வீட்டில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொரு பெயரையும் சொல்லி வையுங்கள்: கே.எஸ். கிருஷ்ணன்.

யார் இவர்?

1898 டிசம்பர் 4-ஆம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தவர். பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பலர், இப்படிப்பட்ட தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான். கிருஷ்ணன் மதுரை, சென்னை எனப் படித்துக் கல்கத்தா போனார். 1923-இல் ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்கள்?

ஒரு திரவத்தில் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் இருக்கும். மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் மூலக்கூறைப் பொறுத்தது. சுமார் 60 திரவங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1928 மார்ச் 31-இல் 'நேச்சர்' இதழில் வந்த அறிவிப்பில் இருவர் பெயரும் உண்டு.

இந்த மாற்றம் கைரேகை மாதிரி. ஈப்போ சுண்ணாம்புக் குன்றின் கல்லில் என்ன தாது இருக்கிறது, ஒரு ரப்பர் துண்டின் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதையெல்லாம் இன்று இந்த முறையில் அறியலாம்.

நோபல் பரிசு யாருக்கு?

1930-இல் ராமனுக்கு மட்டும். பல ஆண்டுகளாக அந்த ஆய்வை வழிநடத்தியவர் அவர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

கிருஷ்ணன் அதோடு நின்றுவிட்டாரா?

இல்லை. 1928-லேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தத் தன்மையை நுட்பமாக அளக்கும் ஆய்வில் இறங்கினார். அது அவருடைய சொந்தத் துறையானது. 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-இல் சர் பட்டம். 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1954-இல் பத்மபூஷண். 1961 ஜூன் 14-இல் மறைந்தார்.

நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டி பெயர் எந்த டயரிலும் இல்லை. அதனால் அந்த உழைப்பு இல்லையென்று ஆகிவிடாது. பெயர் விடுபட்ட இடத்திலேயே கிருஷ்ணன் நின்றுவிடவில்லை. அடுத்த வேலையைத் தொடங்கினார்.

பிப்ரவரி 28, இந்தியாவின் தேசிய அறிவியல் தினம். ராமன் விளைவுக்கான நாள் அது. அன்றைக்குப் பிள்ளைகளிடம் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.