ஊதியம் மறுத்த பேராசிரியர்

நீங்கள் போற்றும் அறிவியலறிஞர் யார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்வீர்கள். ஒருவரை அவருடைய கண்டுபிடிப்புக்காகப் போற்றுகிறோம். மற்றொருவரை அவர் வாழ்ந்த முறைக்காகப் போற்றுகிறோம். இவ்விரண்டுக்காகவும் போற்றத்தக்க ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம். அவரே வங்கம் தந்த மேதை ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் உயர் பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளைகள் தாய்மொழியை முதலில் கற்க வேண்டும், தம் மக்களை அறிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அப்பள்ளியில் சிறுவன் ஜகதீசனின் ஒரு பக்கத்தில் மீனவர் ஒருவரின் மகன் அமர்ந்திருந்தான். மற்றொரு பக்கத்தில் தந்தையாரின் இசுலாமியப் பணியாளரின் மகன் அமர்ந்திருந்தான். ஆற்று மீன்கள், பறவைகள், விலங்குகள் பற்றி அவர்கள் சொன்ன செய்திகளை ஜகதீசன் வியப்போடு கேட்டான். பள்ளி முடிந்து மூவரும் வீடு திரும்பினால், அன்னையார் எவ்வித வேறுபாடுமின்றி மூவருக்கும் உணவு பரிமாறுவார். சிறுவனைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்றவரோ முன்னாள் கொள்ளைக்காரர்! அவரைச் சிறைக்கு அனுப்பியவரே ஜகதீசனின் தந்தையார்தாம். விடுதலையாகி வந்து பிழைக்க வழியின்றி நின்ற அவருக்குத் தம் வீட்டிலேயே வேலை கொடுத்தார். மனிதரில் தாழ்ந்தவர் எவருமிலர் என்பதை ஜகதீசன் ஏட்டில் படிக்கும் முன்பே வீட்டில் கற்றான். மகாபாரதக் கதை மாந்தருள் அவன் பெரிதும் விரும்பியது கர்ணனை. பிறப்பைக் காட்டிப் பிறர் இகழ்ந்தபோதும் தளராமல் போராடிய வீரன் அல்லவா அவன்!

பின்னர்க் கல்கத்தாவில் பயின்ற போஸ், 1880 இல் மருத்துவம் கற்க இங்கிலாந்து சென்றார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று பட்டம் பெற்றார். 1885 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

அங்கே ஓர் அநீதி அவருக்காகக் காத்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியருக்கு வழங்கும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் பணி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே அவருக்கு என அரசு அறிவித்தது. கல்வி ஒன்று, பணி ஒன்று. ஊதியம் மட்டும் வேறா? போஸ் பணியை விட்டு விலகவில்லை. குறைந்த ஊதியத்தையும் ஏற்கவில்லை. நாள்தோறும் தவறாமல் வகுப்புக்குச் சென்று சிறப்பாகக் கற்பித்தார்; மாதந்தோறும் ஊதியத்தைத் தொட மறுத்தார். ஒரு மாதமோ இரு மாதமோ அன்று, மூன்று ஆண்டுகள்!

அது குடும்பம் கடனில் தவித்த காலம். மக்களுக்குத் தொழில் அமைத்துத் தர முயன்ற தந்தையார் பெரும் பொருளை இழந்திருந்தார். 1887 இல் போஸ் அபலா அம்மையாரை மணந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத அந்நாளில், மருத்துவம் கற்கச் சென்னை வரை சென்று பயின்றவர் அவர். கணவரின் உறுதிக்கு அவர் துணை நின்றார். செலவைக் குறைப்பதற்காக இருவரும் கல்கத்தாவை விட்டு, ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகரில் குடியிருந்தனர். காலையில் போஸ் படகில் ஆற்றைக் கடந்து தொடர்வண்டி ஏறச் செல்வார். அபலா அம்மையாரே அப்படகைத் திரும்ப ஓட்டி வருவார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அரசு இறங்கி வந்தது. போஸின் பணி நிலையாக்கப்பட்டது. பணியில் சேர்ந்த நாள் முதல் முழு ஊதியமும் வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவியது. போஸ் எவரையும் இகழவில்லை. தம் கடமையில் குறை வைக்கவுமில்லை. தம்மைக் குறைத்து மதிப்பிட மட்டும் அவர் இடம் தரவில்லை.

கல்லூரியில் அவருக்கு நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. சிறு அறை ஒன்றில், உள்ளூர்த் தகர வேலைக்காரரின் துணையோடு தாமே கருவிகளைச் செய்தார். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 1895 இல் கல்கத்தா நகர மன்றத்தில், கம்பி ஏதுமின்றி அவ்வலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தினார். அவை தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தை வெடிக்கவும் செய்தன. கண்டவர்கள் வியந்தனர். அவருடைய கருவிகள் எளியவை. தொடர்வண்டிக் கால அட்டவணை நூலின் தாள்களுக்கிடையே உலோகத் தகட்டுத் தாள்களைச் செருகி ஒரு கருவி செய்தார். சணல் இழைகளை முறுக்கி மற்றொரு கருவி செய்தார். இன்று ரேடார்களிலும் புதிய தலைமுறைக் கைபேசித் தொடர்புகளிலும் மில்லிமீட்டர் அலைகள் பயன்படுகின்றன.

தம் கண்டுபிடிப்புகளைக் காப்புரிமை பெற்று விற்க அவர் விரும்பவில்லை. அறிவு அனைவருக்கும் உரியது என்று கருதினார். நண்பர்களின் வற்புறுத்தலால் 1904 இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அதனாலும் அவர் பொருள் ஈட்ட முனையவில்லை.

பின்னர் அவருடைய கவனம் தாவரங்களின்பால் திரும்பியது. வெப்பம், நஞ்சு, தொடுதல் ஆகியவற்றுக்குத் தாவரங்கள் மின் துடிப்பால் மறுமொழி தருகின்றன என்று கண்டார். 1901 இல் இலண்டனில் இதனை விளக்கியபோது, உடலியல் அறிஞர் சிலர் ஏற்க மறுத்தனர். இயற்பியலார் ஒருவர் தம் துறைக்குள் நுழைவதை அவர்கள் விரும்பவில்லை. அவருடைய கட்டுரை வெளிவராமல் தடைப்பட்டது. போஸ் சோர்ந்துவிடவில்லை. மேலும் நுட்பமான கருவிகளைச் செய்தார். தாவர வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் அவற்றுள் ஒன்று. 1920 இல் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. தாவரங்கள் குறித்து அவர் கூறிய விளக்கங்கள் அனைத்தையும் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை; ஆயினும் தாவரங்களில் மின் துடிப்புகள் உண்டு என்பது இன்று உறுதியாகிவிட்ட உண்மை.

1917 இல் தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். வாழ்நாள் சேமிப்பை அதற்கு வழங்கினார். தமக்கு ஒரு காலத்தில் கிட்டாத ஆய்வுக்கூடம், அடுத்த தலைமுறைக்குக் கிட்ட வேண்டும் என்று எண்ணினார்.

உலகம் அறிந்த அறிஞரான பின்பும் அவர் முதலில் கற்ற மொழியை மறக்கவில்லை. வங்கமொழியில் கட்டுரைகள் எழுதினார். 1896 இல், கூந்தல் எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்குவதாக ஒரு சுவையான அறிவியல் கதையும் புனைந்தார். அவருடைய வங்கமொழி எழுத்துகள் 1921 இல் அவ்யக்த என்னும் நூலாக வெளிவந்தன.

1937 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் போஸ் கிரிடியில் மறைந்தார்.

மாணவர்களே! பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம்முள் சிலருக்கு, தாய்மொழியைக் கற்பதால் பயன் என்ன என்ற ஐயம் எழலாம். மீனவர் மகனோடு அமர்ந்து தாய்மொழி கற்ற சிறுவனே, பின்னாளில் ஆங்கிலத்தில் உலகோர் முன் தன் ஆய்வுகளை விளக்கினான். தாய்மொழி அவனுக்குத் தடையாகவில்லை. நிற்பதற்கு உறுதியான நிலமாயிற்று. தன்னையும் தன் மொழியையும் தாழ்வாக எண்ணாதவன், பிறர் தாழ்த்த முயலும்போது தளர்வதில்லை. போஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.

சிந்தித்து விடை எழுதுக

1. போஸின் தந்தையார் அவரை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தது ஏன்?
2. போஸ் பணியை விடாமல், ஊதியத்தை மட்டும் மறுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. எளிய பொருள்களைக் கொண்டு போஸ் செய்த கருவிகள் இரண்டினைக் குறிப்பிடுக.
4. நீ போற்றும் அறிவியலறிஞர் ஒருவரைப் பற்றி, போற்றுவதற்கான காரணத்துடன் பத்து வரிகள் எழுதுக.