ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்: நோயாளியின் தோலைக் கவனிக்கச் சொன்னவர்

மே 12ஆம் தேதி உலகத் தாதியர் தினம் வந்தால் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் படம் கண்ணில் படும். பெரும்பாலும் கையில் விளக்குடன்தான் இருப்பார். அவரது வாழ்க்கையைப் படித்தால், விளக்கைவிட வெந்நீர்ப் பாத்திரமும் சோப்பும்தான் அவர் கைக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது.

1820ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரே பெயராயிற்று. மருத்துவமனை வேலை நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஏற்றதன்று என வீட்டில் பல ஆண்டுகள் தடுத்தனர். 1851ல்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற முடிந்தது.

கிரைமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கு வீரர்கள் அழுக்கேறிய உடையில், பேன் மொய்க்கக் கிடந்தனர். தரை தேய்க்கும் தூரிகைகளுக்கும் மாற்றுச் சட்டைகளுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொதிகலன்கள் வைத்து, வீரர்களின் மனைவியரைக் கொண்டு துணி வெளுக்கச் செய்தார்.

அதனால் மட்டும் இறப்புகள் குறைந்துவிடவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தப்படுத்திய பிறகே பெருமளவு குறைந்தன. நாடு திரும்பிப் புள்ளிவிவரங்களை அலசியபோது நைட்டிங்கேலுக்கும் அது விளங்கியது. காயத்தால் மாண்டவர்களைவிட நோயால் மாண்டவர்களே பன்மடங்கு.

போர்க்களத்தில் தொற்றிய காய்ச்சல் அவரையும் விடவில்லை. 1857க்குப் பிறகு பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கினார். தாதிமைக் குறிப்புகள் என்ற சிறிய நூலை 1859ல் எழுதியவர் ஒரு நோயாளி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காகவே அதை எழுதினார். உடல் தூய்மைக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு.

வியர்வையில் ஊறிய உடையோடு நோயாளியை விட்டுவைப்பது மெல்ல நஞ்சூட்டுவதற்குச் சமம் என்பது அவர் கருத்து. குளிர்ந்த நீரில் சோப்பில்லாமலும், சோப்புடனும், பிறகு வெந்நீரில் சோப்புடனும் கழுவி, ஒவ்வொரு முறையும் நீரில் இறங்கும் அழுக்கை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். உடம்பைத் துடைக்கும்போது ஒரே நேரத்தில் அதிகப் பகுதியைத் திறந்துவைக்கக் கூடாது. தாதி அடிக்கடி கை கழுவ வேண்டும். படுக்கைப் புண் வரக்கூடிய நோயாளிக்கு அடியில் கம்பளி விரிக்கவே கூடாது, அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்றார். படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் குற்றம் நோயுடையதல்ல, பராமரிப்புடையது என்றும் எழுதினார்.

இன்றைய மருத்துவம் இதை முழுதாக ஏற்காது. எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குப் புண் வந்துவிடுகிறது. ஈரத்தோடு, ஒரே இடத்தில் விழும் அழுத்தமும் முக்கியக் காரணம் என்று இப்போது தெரியும். ஆனாலும் குளிப்பாட்டும்போதே முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்த்து, சிவந்திருக்கிறதா என்று குறித்துவைக்கும் தாதியர் அவர் தொடங்கிய வழியில்தான் வருகின்றனர். கூலி வேலையாகக் கருதப்பட்ட குளிப்பாட்டுதலைக் கற்றுத் தேற வேண்டிய அறிவாக மாற்றியதுதான், என் பார்வையில், அவரது பெரிய சாதனை. 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

முதுமையில் பார்வை போயிற்று. கடைசி ஆண்டுகளில் பிறர் பராமரிப்பில் வாழ்ந்து, 1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90 வயதில் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது உறவினர்கள் மறுத்துவிட்டனர். ஈஸ்ட் வெல்லோ கிராமத்துக் குடும்பக் கல்லறையில், அவருக்கெனப் பெயரின் முதலெழுத்துகளும் பிறப்பு, இறப்பு விவரமும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.