பல பணியும் ஒரு பணியாக்கிய விபுலாநந்த அடிகள்

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, பண்டாரவளைத் தோட்டங்களிலும் கற்பிக்கும் சைவ ஆசிரியர் ஒருங்கு கூடுமிடத்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. பெற்றோர் கொழுந்து மலைக்கு ஏறும் வேளையிற் புறப்பட்டு, பகலெல்லாம் கற்பித்து, ஞாயிற்றுக்கிழமையிலே திருமுறை வகுப்பும் நடாத்துவோர்க்குத் தமக்கென ஒரு நாழிகை எஞ்சுவதில்லை. படம் எழுத வல்லார் தூரிகை தொடாதிருக்கின்றனர். செய்யுள் யாக்க வல்லார் ஏட்டை மூடிவைத்தனர். திருவைந்தெழுத்துச் செபமோ அவசரத்தில் முடிகின்றது. இம்முறைப்பாட்டை யாமும் பலகாற் கூறியதுண்டு. ஆதலின், பல பணிகளை ஏற்றும் எதனையும் சிதையவிடாத பெரியார் ஒருவரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர்வாம்.

விபுலாநந்த அடிகள் 1892-ஆம் ஆண்டு பங்குனித் திங்களில், மட்டக்களப்பின் தெற்கேயுள்ள காரைதீவிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார். பிள்ளைமைப் பெயர் மயில்வாகனன். அது எமது ஊவாவிலே கதிர்காமத்தில் எழுந்தருளிய பெருமானின் திருநாமங்களுள் ஒன்று. கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். யாமும் மிஷன் பாடசாலையில் வளர்ந்தவராதலின், அங்கே பெற்ற கல்வியை நன்றியோடு ஏற்று, அதனையே தம் மரபின் தொண்டுக்கு ஆக்கிய அவர்தம் நெறி எமக்குப் பெரிதும் உவப்பாகும்.

இளமையிலேயே இருதுறைகள் அவரை ஈர்த்தன. 1916-ஆம் ஆண்டிலே கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியின் விஞ்ஞானச் சான்றிதழையும், மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். அப்பட்டத்தை ஈழத்தவருள் முதன்முதல் எய்தியவர் அவரே என்ப. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920-இல் மானிப்பாய் இந்துக்கல்லூரித் தலைமையாசிரியரானார்.

உலகியலார் கண்ணுக்கு அது நிலைத்த பதவி. எனினும் 1922-இல் அதனைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் புகுந்தார். ஆங்கும் எழுத்துப்பணி நின்றதில்லை. மடத்தின் தமிழ், ஆங்கில இதழ்கள் இரண்டும் அவர் கைப்பட்டன. 1924-இல் சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். அவ்வாண்டிலேதான் புகைவண்டிப் பாதையும் எமது பதுளையை வந்தெய்தியது.

ஈழம் மீண்டபின் பாடசாலைகளைப் பேணுதலே தவமாயிற்று. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் 1929-இல் எழுந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார். 1933-இல் அதனையும் விட்டார். 1939 முதல் இமயச் சாரலிலே மாயாவதி ஆச்சிரமத்தில் ஆங்கில இதழாசிரியராயிருந்து, அதனையும் நீங்கி, 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் பதவிகளை ஒவ்வொன்றாக விட்டார்; பணியை விட்டாரல்லர். சிதம்பரத்தினும் இமயத்தினும் கொழும்பினும் அவரோடு உடன் சென்ற ஆராய்ச்சி ஒன்றே. மறைந்துபோன பழந்தமிழ் யாழின் வடிவம் யாது, அதில் எழுந்த பண்கள் யாவை என்பதே அது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையும் உரைகளும் அதற்கு நிலைக்களம். தந்தியின் நீளம் பாதியாயின் ஓசை இரட்டிக்கும் என்னும் பௌதிகநூல் விதியைத் துணைக்கொண்டு, நரம்புகளுக்குரிய அலகுகளைக் கணக்கிட்டார். யாழ்களின் உறுப்பமைதியைக் கோடுகளால் வரைந்து காட்டினார். விஞ்ஞான ஆசிரியரின் கணக்கும், பண்டிதரின் இலக்கியமும், ஓவியரின் கண்ணும், துறவியின் ஒருமையும் ஒருநூலிலே கூடின. தேவாரப் பண்களுக்கென அதில் ஓரியலே வகுத்தமை சைவர்க்கு அவர் விட்டுச்சென்ற நிதியாகும்.

யாழ்நூல் 1947-ஆம் ஆண்டு ஆனித் திங்களிலே, ஞானசம்பந்தப் பெருமான் பதிகம்பாடி ஓடம் செலுத்திய திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச்சங்கம் அதனை வெளியிட்டது. அடிகளின் உடலோ அப்போதே நலிந்திருந்தது. அரங்கேற்றத்தின் பின் ஆறு வாரங்கள் கழிந்து, சூலை 19-ஆந் திகதி அவர் சிவபதம் எய்தினார். திருமேனி, தாம் வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கம் பெற்றது. அகவை ஐம்பத்தைந்து. ஓய்வின்றி உழைத்தமைக்கு உடல் கொடுத்த விலை அஃது என்பதை மறைத்தல் உண்மையாகாது. அவரைப் போற்றுவோர் தம் உடலையும் பேணுதல் கடன்.

எமக்கும் இப்போது அவ்வகவையே. ஞாயிறு வகுப்புச் சிறார்க்காக அறுபத்துமூவர் திருவுருவங்களை எழுதத் தொடங்கிப் பதினேழோடு நிறுத்தி ஒன்பதாண்டாயின. காலமில்லை என்றோம். உண்மையாதெனின், இரு சபைகளில் வகித்த செயலாளர் பதவிகளை விட மனமில்லாதிருந்தோம். அடிகளின் சரிதத்தை இக்கட்டுரைக்காக மீளக் கற்றபோது அந்நாணம் எம்மைச் சுட்டது. அவ்விரு பதவிகளையும் இளையார்பால் ஒப்புவித்துவிட்டோம். பதினெட்டாம் படத்துக்குத் தாள் விரித்தாயிற்று. காலைச் செபம் முடிந்தபின், பாடசாலை மணி அடிக்குமுன் அரைநாழிகை அதற்கென வைத்துள்ளோம். ஆசிரிய அன்பர்களும் தத்தம் கைவிட்ட ஏட்டை ஒருமுறை திறந்து நோக்குவாராக.

திருச்சிற்றம்பலம்.