மூணு வேந்தரும் ஆள் அனுப்பின வாசல்: மலையமான் திருமுடிக்காரி

கடையெழு வள்ளல்கள்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை, அப்புறம் ஒரு மார்க் கேள்வி. ஏழு பேரும் ஒரே குரூப் போட்டோவில் சிரிச்சுக்கிட்டு நிற்கிற மாதிரிதான் ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனால் அந்த ஏழு பேரில் மூணு பேர் ஒருத்தரோட ஒருத்தர் மோதினவங்க. காரி, ஓரி, அதியமான். இதில் காரி நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்.

இன்னைக்குத் திருக்கோவிலூர்னு சொல்ற ஊர்தான் அவரோட கோவலூர். பக்கத்தில் தென்பெண்ணை. மேற்கே கல்வராயன் மலை. அதையும் தாண்டி வடமேற்கே போனா தருமபுரி, அதாவது அதியமானோட தகடூர். தென்மேற்கே போனா ஓரியோட கொல்லிமலை. மேப்பை எடுத்துப் பாருங்க, மூணும் கிட்டத்தட்ட ஒரு முக்கோணம். அதைச் சுற்றி சேர, சோழ, பாண்டியர்னு மூணு பெரிய அரசுகள்.

காரியோட நாடு சின்னது. கோவலூரும் முள்ளூர் மலையும்தான் அதில் முக்கியம். ஆனால் அவர்கிட்ட நல்ல படை இருந்தது. முள்ளூரை ஆரியர் படை சூழ்ந்தப்போ மலையனோட ஒரு வேலுக்கு முன்னால் அது சிதறி ஓடினதா நற்றிணை சொல்லுது. அவர் ஏறின குதிரைக்கும் காரின்னே பேர். திருக்கோவிலூர்ப் பக்கம் கிடைச்ச மலையமான் காசுகளிலும் குதிரை இருக்கு.

இப்படி ஒரு படை இருந்தா பெரியவங்க சும்மா விடுவாங்களா? மூவேந்தரும் தனித்தனியா ஆள் அனுப்பி, எனக்குத் துணையா வான்னு கேட்டாங்க. கூடவே பொருளும் வந்தது. வந்த பொருளை காரி அப்படியே கேட்டு வந்தவங்களுக்குக் கொடுத்திடுவார். உனக்குன்னு மிஞ்சறது உன் மனைவி மட்டும்தான்னு கபிலர் அவரைப் பாடினார். ஆனா கபிலர் வெறும் ஜால்ரா இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கிறது சுலபம், யாருக்கு என்ன தகுதின்னு அறிஞ்சு கொடுக்கிறதுதான் கஷ்டம்னு அவர்கிட்டயே சொன்னார். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வச்சுக்கோங்க.

படை உதவியோட மதிப்பு என்னன்னு இதே குடியில் வந்த தேர்வண் மலையனைப் பார்த்தாலே தெரியும். சோழனும் சேரனும் மோதினப்போ அவர் சோழன் பக்கம் நின்னார். ஜெயிச்ச சோழன், மலையனாலதான் ஜெயிச்சேன்னான். தோத்த சேரன், மலையன் மட்டும் வரலேன்னா நான் ஜெயிச்சிருப்பேன்னான். ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஆனால் படை கொடுக்கிறவனுக்குப் பகையும் சேர்ந்தே வரும். அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூர் மேல் படையெடுத்து வந்து அதை அழிச்சார். அந்த வெற்றியைப் பரணர் பாடினதை ஔவையார் குறிப்பிடுறாங்க. இது புலவர்கள் பேச்சு மட்டும்தானோன்னு சந்தேகம் வருதா? திருக்கோவிலூருக்குப் பக்கத்து ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்-பிராமி கல்வெட்டு கிடைச்சது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி, அதாவது குகை இருப்பிடம், என்பதுதான் அதில் இருக்கிற செய்தி. மலையமான் நாட்டுப் பாறையில் தகடூர்க்காரர் பேர்!

அடுத்து நடந்ததைப் பாட்டுகளைக் கோர்த்து ஆய்வாளர்கள் இப்படிச் சொல்றாங்க. ஊரை இழந்த காரி சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையோட சேர்ந்தார். சேரனுக்குக் கொல்லிமலை வேணும். காரி போய் ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரன் கையில் கொடுத்தார். அப்புறம் சேரன் தகடூர் மேல் பாய்ந்தான். இந்தத் தடவை முற்றுகையில் மாட்டினது அதியமான். அவருக்குத் துணையா ரெண்டு பெரிய வேந்தர்கள் நின்னாங்க. அப்படியும் தகடூர் விழுந்தது.

காரி செய்தது சரியா? இங்கதான் நம்ம ஹாஸ்டல் ரூம் மாதிரி ரெண்டு கட்சி பிரியும். ஒரு கட்சி சொல்லும்: படையெடுப்பில் ஊரை இழந்தவன் துணை தேடத்தான் செய்வான், துணைக்கு விலையும் கொடுத்துத்தான் ஆகணும். இன்னொரு கட்சி கேட்கும்: அதியமான் மேல இருந்த கோபத்துக்கு ஓரி ஏன் சாகணும்? இந்தக் கேள்வி நாம இப்போ கண்டுபிடிச்சதில்லை. ஓரியைக் கொன்று காரி அவர் தெருவுக்குள் நுழைஞ்சப்போ ஊரே கல்லென்று இரைஞ்சதாம். அதைப் பதிவு செய்தது வேற யாரும் இல்லை, காரியைப் புகழ்ந்த அதே கபிலர்தான்.

2024 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றம் உக்ரைனுக்குச் சுமார் 6,100 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. அதுக்கு முன்னால் மாசக்கணக்கா இழுபறி. கொடுக்காட்டி படையெடுத்தவன் ஜெயிச்சிடுவான்னு ஒரு பக்கம், நம்ம காசு எதுக்கு, இது எங்க போய் முடியும்னு இன்னொரு பக்கம். கோவலூர் வாசலில் நின்ன அதே கேள்விதான்.

உதவி வேண்டாம்னு முடிவு பண்றதுக்கு முன்னால் பாரியையும் நினைச்சுப் பாருங்க. மூவேந்தரும் சேர்ந்து பறம்பு மலையை வளைச்சாங்க. அவருக்குத் துணைப்படை வந்ததா ஒரு பாட்டும் சொல்லலை. பாரி இறந்த பிறகு அவர் மகளை ஒரு மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார்னு திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிற ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்லுது.

காரியோட குடிக்கும் இந்த ஆட்டம் இலவசமா முடியலை. சோழன் கிள்ளிவளவன் மலையமான் பிள்ளைகளை யானைக் காலில் இடப் பார்த்தான். யானையைப் பார்த்து அழுகையை மறந்துபோன சின்னப் பிள்ளைங்க. கோவூர்கிழார் குறுக்கே நின்னு பேசினார். அதே குடியில் வந்த மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன், போரில் தோத்து முள்ளூரில் ஒளிஞ்ச ஒரு சோழனைத் திரும்ப அரியணையில் ஏற்றினார். ஒரே குடியோட கதைதான் ரெண்டும்.

என்னைக் கேட்டா, கபிலர் சொன்ன அந்த அறிவுரைதான் இதுக்கெல்லாம் பதில். தேருக்குச் சரின்னா வேலுக்கும் சரி. உதவலாமா வேண்டாமாங்கிறது பாதிக் கேள்விதான். யாருக்கு, எதுக்கு, அது யார் தலையில் விடியும்ங்கிறது மீதிப் பாதி. காரி முதல் பாதியில் யாரும் தொட முடியாத ஆள். ரெண்டாம் பாதியில் ஓரியோட தெரு அவருக்கு எதிரா சாட்சி சொல்லுது.

அடுத்த தடவை திருக்கோவிலூர்ப் பக்கம் போனா, பெண்ணையாற்றுக்குள் நிற்கிற கபிலர் குன்றைப் பாருங்க. நீங்க காரியோட அவையில் இருந்திருந்தா, சேரன் அனுப்பின ஆளுக்கு என்ன பதில் சொல்லச் சொல்லியிருப்பீங்க?