ஆறு புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு கிராமம்

ஜனவரி 4ஆம் திகதி உலக பிரெயில் தினமாகும். விழிப்புலனற்றோர் விரல்களால் வாசிக்கும் எழுத்துமுறையை வகுத்த லூயி பிரெயிலை அன்று நாம் நினைவுகூருகின்றோம். ஆயினும், அவரைத் தனியொரு மேதையாகப் போற்றும் நாம், அவருக்கு வழி திறந்துவிட்டோரை மறந்துவிடுகின்றோம்.

பிரான்ஸின் கூப்வ்ரே கிராமத்தில், சேணம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் 1809இல் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில், தோல் துளைக்கும் ஊசி கண்ணில் பாய்ந்தது. தொற்று மறு கண்ணுக்கும் பரவவே, ஐந்து வயதளவில் பார்வை முற்றாக அற்றுப்போனது.

பார்வையற்றோர் பலர் பிச்சையெடுத்து வாழ்ந்த காலம் அது. அப்பெற்றோரோ மகனை வீட்டினுள் முடக்கிவைக்கவில்லை. தந்தை மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, தடவி அறியப் பழக்கினார். ஊர்ப் பாதிரியார் பல்லுய் பாடம் சொல்லிக் கொடுத்தார். கிராமப் பாடசாலை ஆசிரியர் பெஷெரே, ஏனைய பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

1819இல் பாரிஸிலுள்ள விழிப்புலனற்றோர் பாடசாலையில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்த நூல்களில் வழமையான எழுத்துகளே புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. வாசிப்பது கடினம், எழுதுவதற்கோ வழியில்லை. இராணுவ அதிகாரி சார்ல்ஸ் பார்பியே 1821இல் அறிமுகப்படுத்திய 12 புள்ளி முறை ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824இல் தமது 15ஆவது வயதில் பிரெயில் புதிய எழுத்துமுறையை உருவாக்கினார். பின்னர் அதே பாடசாலையில் ஆசிரியருமானார்.

ஆனால் 1840இல் பொறுப்பேற்ற அதிபர் அம்முறையைத் தடைசெய்தார். பார்வையுள்ளோர் அறியாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அக்காலத்து வாதம். மாணவர்கள் பணியவில்லை. இரகசியமாக அம்முறையிலேயே எழுதினர், ஒருவருக்கொருவர் கற்பித்தனர். உதவி அதிபர் குவாதே அவர்களின் பக்கம் நின்றார். 1844இல் பொதுமக்கள் முன்னிலையில் அம்முறை செய்துகாட்டப்பட்டது. பிரெயில் 1852இல் காசநோயால் காலமானார். பிரான்ஸ் அதனை உத்தியோகபூர்வமாக ஏற்றது 1854இலேயே.

தந்தை அந்தப் பலகையைச் செய்யாதிருந்தால், கிராமத்து ஆசிரியர் கதவடைத்திருந்தால், மாணவர்கள் தடைக்குப் பணிந்திருந்தால், அந்த ஆறு புள்ளிகள் உலகை எட்டியிருக்குமா? குறைபாடுள்ள பிள்ளையை வீட்டில் மறைக்கும் பெற்றோரும், வேறு பாடசாலை தேடுமாறு திருப்பியனுப்பும் ஆசிரியரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். பிரெயிலின் நினைவைப் போற்றுவது மெய்யானால், முதலில் அந்தக் கதவுகளை நாம் திறக்க வேண்டும்.